ஒரே ரத்தம், மூன்று ஈ.எஸ்.ஆர்.: ரிப்போர்ட்டில் எதை எழுதுவது?

ஊதாமூடி கேட்டது:

வணக்கம். ஈ.எஸ்.ஆர்., அதாவது டியூபில் நிற்கும் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒரு மணியில் எத்தனை மி.மீ. இறங்குகின்றன என்று பார்க்கும் டெஸ்ட் பற்றிக் கேட்கிறேன். ஒரே ஆளிடம் ஒரே குத்தில் எடுத்த ரத்தம். பெண், வயது 62. ஹீமோகுளோபின் 9.2, பி.சி.வி. (ரத்தத்தில் செல்கள் பிடிக்கும் இடம், சதவீதத்தில்) 28.

கறுப்பு மூடி (உறையாமல் காக்கும் சிட்ரேட் உள்ள) டியூபில் எடுத்ததை வெஸ்டர்கிரென் முறையில் போட்டால் அரை மணியில் 26, ஒரு மணியில் 64. ஈ.டி.டி.ஏ. (இன்னொரு உறைதடுப்பி) டியூபில் இருந்ததை வின்ட்ரோப் டியூபில் போட்டால் ஒரு மணியில் 41. அதே ஈ.டி.டி.ஏ. டியூபை மெஷின் வைத்திருக்கும் இன்னொரு லேபுக்கு அனுப்பினால் 52.

என் கேள்விகள்:

இதில் எது சரி? ரிப்போர்ட்டில் எதைப் போடுவது? நம் பக்கத்து லேப்களில் வழக்கமாக அரை மணி, ஒரு மணி என்று இரண்டு எண் எழுதுகிறார்களே, அந்த அரை மணி எண்ணால் யாருக்கு என்ன பயன்? ரத்தச்சோகை இருப்பதால் 64ஐக் குறைத்து எழுத ஏதாவது கணக்கு உண்டா? லேபில் ஏ.சி. கிடையாது. மே மாதம் பகலில் 34 டிகிரி போகிறது. அது எண்ணைப் பாதிக்குமா?

---

கறுப்புமூடி பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றும் அதில்தான் தொங்குகின்றன. 34 டிகிரியில் போட்ட ஈ.எஸ்.ஆரை அப்படியே நம்ப முடியாது. இந்த டெஸ்டுக்கான அறை வெப்பம் 18 முதல் 25 டிகிரி வரை. வெப்பம் ஏறினால் பிளாஸ்மாவின் பிசுபிசுப்பு குறையும், செல்கள் வேகமாக இறங்கும், எண் கூடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் நேர்மாறாகக் குறையும். ஏ.சி. இல்லையென்றால் காலை 7 மணிக்குள் வாங்கிய சாம்பிள்களைக் கையோடு போட்டுவிடுவது ஒரு வழி. எப்படியானாலும் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும், ரெஜிஸ்டரில் அதற்கு ஒரு கட்டம் இருக்கட்டும். ஜன்னல் வெயில் டியூபில் விழவே கூடாது.

அடுத்து ஸ்டாண்டு. பெரும்பாலான லேப்களில் ஈ.எஸ்.ஆர். கெட்டுப்போவது இங்கேதான். டியூப் செங்குத்தாக நிற்கவேண்டும். 3 டிகிரி சாய்ந்தாலே 30 சதவீதம் வரை கூடிவிடும். சாய்ந்த டியூபில் செல்கள் கீழ்ப்பக்கச் சுவரில் சறுக்கி இறங்கும், பிளாஸ்மா மேல்பக்கச் சுவரை ஒட்டி ஏறும், ஒன்றுக்கொன்று வழி மறிக்காது. 1920லேயே பாய்காட் என்பவர் ரத்தத்தில் கவனித்துச் சொன்ன விஷயம் இது. டியூப் நீளம் 300 மி.மீ. என்பதால் 3 டிகிரி சாய்வில் மேல்முனை 16 மி.மீ. அளவுக்குத்தான் விலகும், ஏறக்குறைய ஒரு விரல் அகலம். கண்ணுக்கு நேராக இருப்பது போலத்தான் தெரியும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஸ்டாண்டின் அடிப்பலகையில் இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்து, அடியில் உள்ள திருகுகளைச் சரிசெய்யுங்கள். பிறகு டியூபை மாட்டி, பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டு விட்டு முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். ஸ்டாண்டு சரியாக இருந்தும் கிளிப் வளைந்திருந்தால் டியூப் சாய்ந்துதான் நிற்கும்.

சென்ட்ரிஃபியூஜ் இருக்கும் மேஜையில் ஸ்டாண்டு வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் மேலேயும் கூடாது. அதிர்வு செல் அடுக்குகளைக் குலைக்கும்.

இனி ரத்தம். நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். 2 மி.லி. கறுப்பு மூடி டியூபில் 0.4 மி.லி. சிட்ரேட் ஏற்கெனவே இருக்கும், 1.6 மி.லி. ரத்தம் குறிக்கோடு வரை சேரவேண்டும். பாதி ரத்தம் எடுத்துவிட்டு 'போதும்' என்று மூடினால் பிளாஸ்மா புரதம் நீர்த்துப்போகும், வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. கறுப்பு மூடி தீர்ந்துபோனால் நீல மூடியில் எடுத்துப் போடுவதையும் பார்க்கலாம். அது உறைதல் டெஸ்டுக்கானது. அதில் ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்கு. சிட்ரேட் என்ற பெயர் ஒன்று, விகிதம் வேறு. போடக்கூடாது.

கறுப்பு மூடி இல்லையென்றால் ஈ.டி.டி.ஏ. ரத்தத்தையே வெஸ்டர்கிரெனுக்குப் பயன்படுத்தலாம். 2 மி.லி. ரத்தத்தோடு 0.5 மி.லி. நார்மல் சலைன் அல்லது சிட்ரேட் சேர்த்துக் கலக்கவேண்டும். இந்த 0.5ஐச் சேர்க்காமல் நேரடியாக ஏற்றுவது பரவலான தப்பு.

ஏற்றுவதற்கு முன் டியூபைக் குறைந்தது 12 முறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள். குலுக்கக் கூடாது. கலக்கும்போதே சின்னக் கட்டி கண்ணில் பட்டால் சாம்பிளைத் தூக்கிப் போடுங்கள். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் போட்டால் ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா புரதம்) அந்தக் கட்டியோடு போயிருக்கும், எண் பொய்யாகக் குறையும். சிட்ரேட் ரத்தம் அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். ஈ.டி.டி.ஏ. ரத்தம் 4 டிகிரியில் 24 மணி நேரம் வரை தாங்கும், ஆனால் அறை வெப்பத்துக்கு வந்து, மறுபடி கலக்கிய பிறகுதான் ஏற்றவேண்டும். நேரம் ஆக ஆகச் செல்கள் உருண்டு போகும், ஒன்றோடொன்று அடுக்கிக்கொள்ளாது.

ரத்தத்தை வாயால் உறிஞ்சி ஏற்றுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. ஹெபடைடிஸும் எச்.ஐ.வி.யும் இருக்கும் உலகத்தில் அதற்கு மன்னிப்பே கிடையாது. ரப்பர் பல்ப் சில நூறு ரூபாய்க்குள் வரும்.

ஏற்றிய பின் 0 கோட்டில் நிற்கிறதா, நடுவில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். டைமரை அழுத்துங்கள். 60 நிமிடம், கூடக்குறைய ஒரு நிமிடம். 'சாப்பிட்டு வந்து பார்க்கிறேன்' என்று 80 நிமிடத்தில் பார்த்தால் அது வேறு டெஸ்ட். படிக்கும்போது முதலில் மேலே பாருங்கள், பிளாஸ்மாவின் மேல்மட்டம் இன்னும் 0விலேயே இருக்கிறதா? அது 4க்கு இறங்கியிருந்தால் அடியில் உள்ள ரப்பர் ஒழுகுகிறது. 'கீழே 30, மேலே 4, கழித்தால் 26' என்று எழுதாதீர்கள். திரும்பப் போடவேண்டும். செல்லின் எல்லை சில சாம்பிளில் புகை மாதிரி மங்கலாக இருக்கும். முழு அடர்சிவப்பு எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தைப் படியுங்கள்.

ரிப்போர்ட்டில் எது என்று கேட்டீர்கள். வெஸ்டர்கிரென்தான். பன்னாட்டு ரத்தவியல் தரப்படுத்தல் குழு மேற்கோள் முறையாக வைத்திருப்பது அதைத்தான். ஆனால் உங்கள் 64ஐ இப்போதே எழுதவேண்டாம், நிழலான அறையில் மட்டம் பார்த்த ஸ்டாண்டில் ஒருமுறை மறுபடி போடுங்கள்.

---

நுண்ணோக்கி பதில்:

கறுப்புமூடி சார் செய்முறையை முழுதாகச் சொல்லிவிட்டார். வின்ட்ரோப் ஏன் குறைவாக வந்தது, அரை மணி எண் எதற்கு என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செல்கள் ஒரு மணி நேரமும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. சிவப்பணுவின் மேல்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். ஃபைப்ரினோஜனும் குளோபுலின்களும் அந்தத் தள்ளலைத் தணித்து, செல்களைக் காசு அடுக்கினது போல ஒட்டவைக்கும். இதற்குப் பெயர் ரூலோ. முதல் 10 நிமிடம் இந்த அடுக்கு கட்டும் வேலை, இறக்கம் அதிகம் தெரியாது. அடுத்த 40 நிமிடம் அடுக்குகள் வேகமாக விழும். கடைசி 10 நிமிடம் அடியில் நெருக்கடி, வேகம் குறையும். ஆகவே அரை மணி எண்ணை இரண்டால் பெருக்கினால் ஒரு மணி எண் வராது. உங்கள் 26ஐப் பெருக்கினால் 52, உண்மையில் வந்தது 64. ஆரம்பத்து மந்தம்தான் காரணம். ஈ.எஸ்.ஆர். மிக அதிகமான ஆளுக்கு இது தலைகீழாகும்: அரை மணியிலேயே 75 போய்விட்டு, பிறகு இடமில்லாமல் 110ல் நிற்கலாம்.

அரை மணி எண்ணுக்கென்று தனி இயல்பு அளவு எதுவும் கிடையாது. எந்த மருத்துவ முடிவும் அதை வைத்து எடுப்பதில்லை. பழக்கத்தால் தொடர்கிறது, அவ்வளவுதான். முன்பு இரண்டாம் மணி எண்ணையும் எடுத்துச் சராசரி போட்டார்கள், அது வழக்கொழிந்துவிட்டது. இதுவும் ஒழியலாம்.

இப்போது வின்ட்ரோப். அந்த டியூபில் அளவுகோல் 100 மி.மீ. மட்டுமே, ரத்தம் நீர்க்காமல் போகும். ஒருவரின் பி.சி.வி. 40 என்றால் 100 மி.மீ. நிரலில் செல்களுக்கே 40 மி.மீ. வேண்டும். எவ்வளவு வேகமாக விழுந்தாலும் 60க்கு மேல் இறங்க இடமே இல்லை. வெஸ்டர்கிரெனில் நாலுக்கு ஒன்று நீர்த்த பிறகு 40 என்பது 32 ஆகிவிடும். 200 மி.மீ. நிரலில் செல்களுக்கு 64 மி.மீ., இறங்க 136 மி.மீ. இருக்கிறது. ஆகவே குறைந்த எண்களில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும், எண் கூடக்கூட வின்ட்ரோப் பின்தங்கும். வின்ட்ரோப் எண்ணைப் பெருக்கி வெஸ்டர்கிரென் எண்ணாக்கும் சூத்திரம் தேடாதீர்கள்.

இந்தக் கணக்கை ரிப்போர்ட்டைச் சரிபார்க்கவும் பயன்படுத்தலாம். பி.சி.வி. 45 உள்ளவருக்கு வெஸ்டர்கிரென் 140 என்று வந்தால் நம்பாதீர்கள். நீர்த்த பிறகு 36, செல்களுக்கு 72 மி.மீ., ஆகக்கூடிய இறக்கமே 128. ஒன்று ரத்தம் சரியாகக் கலக்காமல் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது பி.சி.வி. தப்பு.

வின்ட்ரோப் டியூபில் இரண்டு பக்கமும் எண்கள் எதிரெதிர்த் திசையில் இருக்கும். மேலிருந்து கீழே ஓடுவது ஈ.எஸ்.ஆருக்கு, கீழிருந்து மேலே ஓடுவது பி.சி.வி.க்கு. செல் மட்டம் 30ல் நிற்பதைத் தப்பான பக்கம் படித்தால் 70. ஒரே டியூபில் இரண்டு டெஸ்டும் பார்க்கலாம் என்பதுதான் அதன் ஒரே சௌகரியம், அதிலேயே இந்தப் பள்ளமும் இருக்கிறது. அதன் இயல்பு அளவும் வேறு: ஆணுக்கு 9 வரை, பெண்ணுக்கு 20 வரை.

மெஷின் 52 சொன்னது எந்த முறையில் என்று கேளுங்கள். சில மெஷின்கள் டியூபை வேண்டுமென்றே 18 டிகிரி சாய்த்து, அரை மணிக்குள் படித்து, ஒரு மணி வெஸ்டர்கிரெனாக மாற்றித் தருகின்றன. சாய்வு வேகப்படுத்தும் என்று மேலே சொன்னதைத்தான் அவை சாதகமாக்கிக்கொள்கின்றன. வேறு சில மெஷின்கள் 37 டிகிரியில், நுண்குழலில், ரூலோ கட்டும் ஆரம்பத்தை மட்டும் ஒளியால் அளந்து 20 நொடியில் கணக்குப் போட்டு எண் தரும். அதில் எதுவும் இறங்குவதே இல்லை. இவை தப்பில்லை, ஆனால் ஒருவரைத் தொடர்ந்து பார்க்கும்போது இந்த மாதம் மெஷின், அடுத்த மாதம் கைமுறை என்று மாற்றினால் நோய் கூடிக்குறைவது போல ஒரு மாயத்தோற்றம் வரும்.

---

ஊதாமூடி:

நன்றி சார். ஸ்டாண்டு சென்ட்ரிஃபியூஜ் மேஜையில்தான் இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். ரத்தச்சோகைத் திருத்தம் பற்றி யாராவது சொல்லுங்கள். பழைய நூல் ஒன்றில் வளைகோட்டு அட்டவணையே பார்த்திருக்கிறேன். அப்புறம் 62 வயதுப் பெண்ணுக்கு 20க்கு மேல் போனாலே அதிகம் என்று போடலாமா?

---

வார்டு ரவுண்ட்ஸ் பதில்:

திருத்த வேண்டாம். அந்த அட்டவணை வின்ட்ரோப் முறைக்காக வந்தது, இப்போது யாரும் கேட்பதில்லை. செல் எண்ணிக்கை குறைந்தால் விழும் அடுக்குகளுக்கு எதிர்த்து மேலே ஏறும் பிளாஸ்மாவின் தடை குறையும், வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதே ரத்தச்சோகை இரும்புச்சத்துக் குறைவால் வந்திருந்தால் செல்கள் சிறுத்திருக்கும், சிறிய செல் மெதுவாக விழும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று ஒரு சூத்திரத்தால் பிரிக்க முடியாது. 64ஐயும் 9.2ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், நாங்கள் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம்.

வயது விஷயம்: 50 வரை ஆணுக்கு 15, பெண்ணுக்கு 20, 50க்கு மேல் 20, 30. வார்டில் மனக்கணக்காகப் போடுவது இது: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி. இவருக்கு 72ல் பாதி 36. ஆகவே 64 அதிகம்தான், ஆனால் 20ஐ வைத்துப் பார்த்தால் தெரிவது போல மூன்று மடங்கு அதிகம் இல்லை. 'அதிகம்' என்று சிவப்பு மையில் போட்டு ஆளை மிரட்டவேண்டாம்.

நோயாளிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈ.எஸ்.ஆர். எந்த நோயின் பெயரையும் சொல்லாது. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கலாம் என்று மட்டும் சொல்லும், அதையும் தாமதமாகச் சொல்லும். சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் புரதம்) சில மணி நேரத்தில் ஏறும், காரணம் நின்றால் பாதியாகக் குறைய 19 மணி நேரம் போதும். ஈ.எஸ்.ஆர். ஏறவே ஒன்றிரண்டு நாள் ஆகும். அதைத் தூக்கி நிறுத்தும் ஃபைப்ரினோஜன் பாதியாக 4 நாள், இம்யூனோகுளோபுலின் பாதியாக 3 வாரம். காய்ச்சல் விட்டு ஆள் நடமாடும்போதும் ஈ.எஸ்.ஆர். 50ல் நிற்பது அதனால்தான். அதைப் பார்த்து இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் போடுவது தப்பு. கர்ப்பிணிக்கு ஃபைப்ரினோஜன் இயல்பாகவே கூடும், 40, 50 என்று வருவது நோய் இல்லை. 1918ல் ஸ்வீடனில் ஃபாரியஸ் முதலில் கவனித்ததே கர்ப்பிணிகளின் ரத்தம் வேகமாகப் படிவதைத்தான். அங்கேயே வெஸ்டர்கிரென் 1921ல் காசநோயாளிகளிடம் பார்த்தார். அந்த நூற்றாண்டுப் பழக்கத்தில் நம் ஊரில் இன்னும் 'ஈ.எஸ்.ஆர். கூட இருக்கு, டி.பி.யா?' என்கிறார்கள். டி.பி.க்குச் சளியைப் பாருங்கள். ஈ.எஸ்.ஆர். இயல்பாக இருக்கும் டி.பி.யும் உண்டு, 90 இருந்தும் டி.பி. இல்லாதவர்களும் உண்டு.

100ஐத் தாண்டினால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஒரு காரணம் கிடைக்கும்: ஆழமான தொற்று, மூட்டு-தசை அழற்சி நோய்கள், புற்றுநோய், மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்), சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய். வயதானவர், முதுகுவலி, ரத்தச்சோகை, ஈ.எஸ்.ஆர். 120, ஆனால் சி.ஆர்.பி. சாதாரணம் என்றால் முதலில் மொத்தப் புரதம், ஆல்புமின் பாருங்கள். குளோபுலின் வீங்கியிருந்தால் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ் (புரதங்களை வகை பிரிக்கும் டெஸ்ட்), கால்சியம், கிரியாட்டினின். இதில் லேப் நண்பர்களின் கைவண்ணம் பெரிது: ஸ்மியரின் (கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தத்தின்) மெல்லிய பகுதியிலும் செல்கள் காசுக் கட்டாக நின்றால் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி ஆறு மாதத்தை மிச்சப்படுத்தும். லூபஸில் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) இதே போல ஈ.எஸ்.ஆர். ஏறி சி.ஆர்.பி. படுத்திருப்பது வழக்கம். லூபஸ் நோயாளிக்கு சி.ஆர்.பி.யும் துள்ளினால் தொற்றைத் தேடுவோம்.

50 வயதுக்கு மேல் புதிய தலைவலி, சீவும்போது உச்சந்தலை வலி, மெல்லும்போது தாடை வலி, கூடவே ஈ.எஸ்.ஆர். அதிகம் என்றால் நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சி. நம்மிடம் அரிது. ஆனால் பார்வை ஒரே நாளில் போகக்கூடியது, அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கவேண்டும். இந்தச் சாம்பிளின் 62 வயதுக்காரருக்குக் காலையில் தோளும் இடுப்பும் விறைக்கிறதா என்பதும் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்வி.

குறைந்த எண்ணையும் நம்பிவிடாதீர்கள். பி.சி.வி. 60 உள்ளவருக்கு 1 அல்லது 2 வருவதற்குக் காரணம் நெரிசல். அரிவாள் செல் நோயில் செல்லின் வடிவமே அடுக்கவிடாது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு உண்டு என்பதால் அந்தப் பக்க லேப்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். கல்லீரல் முற்றாகச் சோர்ந்தால் ஃபைப்ரினோஜன் உற்பத்தியே இல்லை. இதில் ஆபத்தானது ஒன்று: ஸ்டில்ஸ் நோயில் (காய்ச்சலோடு வரும் மூட்டு அழற்சி) காய்ச்சலோடு கிடக்கும் குழந்தைக்கு நேற்று 95 இருந்தது இன்று 20 என்றால் வீட்டார் மகிழ்வார்கள். ஆள் மோசமாகிக்கொண்டே ஈ.எஸ்.ஆர். மட்டும் விழுந்தால் ஃபைப்ரினோஜன் கரைகிறது, மேக்ரோஃபேஜ் கிளர்ச்சி நிலை (எதிர்ப்புச் செல்கள் கட்டுமீறிக் கிளம்பும் ஆபத்தான நிலை) என்று பொருள். பிளேட்லெட்டும் ஃபெரிட்டினும் உடனே பார்க்கவேண்டும். இப்படிச் சட்டென்று சரிந்த எண்ணைக் கண்டால் வார்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

---

நுண்ணோக்கி பதில்:

மேடம் சொன்னதோடு ஒன்று. கவாசாகி (குழந்தைகளுக்கு வரும் ரத்தக்குழாய் அழற்சி) போன்ற நோய்களுக்கு நரம்பு வழி இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு ஈ.எஸ்.ஆர். அனுப்பாதீர்கள். ஏற்றிய புரதமே எண்ணைத் தூக்கிவிடும், சிகிச்சை பலிக்கவில்லை என்று தப்பாகத் தோன்றும். அந்த இடத்தில் சி.ஆர்.பி.தான்.

---

ஊதாமூடி:

சரி. ரிப்போர்ட் வரியை இப்படி மாற்றுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்:

"ஈ.எஸ்.ஆர். (வெஸ்டர்கிரென், சிட்ரேட் 4:1, ஒரு மணி): ___ மி.மீ. இயல்பு, 50 வயதுக்கு மேல் பெண்: 30 வரை. ஹீமோகுளோபின் 9.2 கிராம்/டெசிலிட்டர்."

அரை மணிக் கட்டத்தை எடுத்துவிடுகிறேன். இந்தச் சாம்பிள் மிச்சம் இல்லை, நாளைக் காலை புதிதாக வாங்கிப் போடுகிறேன். கண்ணாடி டியூப்களைத்தான் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறோம், சோப்புத் தூள் போடலாமா?

---

கறுப்புமூடி பதில்:

வரி சரி. சோப்பு வேண்டவே வேண்டாம். கழுவிய பிறகும் சுவரில் ஒட்டியிருக்கும் சோப்புப் படலம் செல்லை உடைக்கும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக நின்றால் இதையும் சந்தேகப்படுங்கள். பயன்படுத்திய டியூபை 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரைப் பல முறை உள்ளே ஓடவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் அலசி, கடைசியாக அசிட்டோன் ஓடவிட்டு உலர்த்துங்கள். ஒரு துளி ஈரம் மிச்சமிருந்தாலும் அது செல்லை உடைக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்சுவரில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அந்த டியூபை ஒதுக்குங்கள். வாய் உடைந்து சிதறியதையும் வைத்திருக்கவேண்டாம், அது ரப்பரில் சரியாக உட்காராமல்தான் ஒழுகும்.